பாக்கித் தூக்கம்

மார்ச் 4

உப்பு சீசன் சூடு பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விட்டு மதியம் வந்து படுக்கிறார். தூங்க விட்டால்தானே! போர் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டினால் தண்ணீர் இறங்கிவிடும். இருபது நிமிஷம் நிறுத்தி ஊற விட வேண்டும். மறந்தால் மோட்டார் புகைந்துவிடும், வேலையும் போகும். கண் செருகும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 6

நான் படிக்கப் போகும் கம்ப்யூட்டர் சென்டரில் மேரிசெல்வி மிஸ் சி மொழியில் ஸ்லீப் என்ற கட்டளையை நடத்தினார். ப்ரோகிராம் அந்த வரியிலேயே நின்று, சொன்ன நேரம் கழித்து அடுத்த வரிக்குப் போகிறது. ஆயிரம் போட்டால் ஒரு செகண்டு. தானே தூங்கி, தானே எழுகிறதே! இதை மோட்டாரோடு கட்டிவிட்டால் என்ன?

மார்ச் 9

மிஸ் இரவல் தந்த குட்டி கம்ப்யூட்டர் போர்டை ஜெயசீலன் அண்ணன் மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைத்துக்கொடுத்தார். எலக்ட்ரீசியன், கைராசிக்காரர். இதில் சென்டரில் இருப்பதுபோல் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இருபது நிமிஷ ஓய்வுக்குப் பன்னிரண்டு லட்சம் என்று போட்டேன். ஸ்லீப்புக்குப் பெரிய எஸ் போட்டால் திட்டியது. சின்ன எஸ் போட்டேன், வாயை மூடிக்கொண்டது.

மார்ச் 10

போச்சு. எல்லாம் போச்சு. ஓய்வுக்கு நின்ற மோட்டார் எழவே இல்லை. என்னை நம்பி இவரும் தூங்கிவிட்டார். பாத்தி காய்ந்து கிடந்தது. முதலாளி வந்து கத்தினார்: “யாரக் கேட்டுய்யா பொட்டிய மாட்டுன? இன்னொரு தபா நின்னுச்சு, வேற ஆளு பாத்துக்குவேன்!”

இவர் என்னைத் திட்டவில்லை. “இன்னா மதி, கும்பகர்ணனையா கட்டி வச்ச?” என்றார். அழுகைதான் வந்தது.

மார்ச் 11

மிஸ் சிரித்துவிட்டார். “பெரிய எஸ்ஸுக்கு மில்லி செகண்டு, சின்ன எஸ்ஸுக்கு முழு செகண்டும்மா.”

பன்னிரண்டு லட்சம் செகண்டு! இரண்டு வாரம் தூங்கச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, ஓய்வை முதலில் எழுதினேன். ஓட்டத்தை எழுதியிருந்தால்?

இன்னொன்றும் சொன்னார். சின்ன எஸ் ஸ்லீப்பை நடுவில் சிக்னல் கொடுத்து எழுப்பினால், இன்னும் எத்தனை செகண்டு பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் எழுமாம். அட, கணக்கு வைத்துக்கொண்டா தூங்குகிறது?

மார்ச் 12

ஆயிரத்து இருநூறு என்று மாற்றிப் போட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் — எழுந்தது!

மார்ச் 17

முதலாளி வந்து நின்று பார்த்தார். பெட்டியைக் கழற்றச் சொல்லவில்லை.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலமாகியும் எழவில்லை. ஷெட்டில் மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது. இவர் குறட்டை மட்டும் நிற்கவில்லை. டீ ஆறுகிறதே என்று தோளைத் தட்டினேன். “என்னங்க, எழுந்திரிங்க.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது மதி.”

டீயை நானே குடித்துவிட்டேன்.