சிரிப்புக்கு விட்ட இடம்

அண்ணை,

இன்று காலை எங்கள் கெல்லரை ஒதுக்கினேன். கட்டடத்துக்கு அடியில் நீங்கள் மூன்று நாள் இருந்து பேசிய அதே நிலவறைதான். தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறார்களாம், இரண்டு கிழமைக்குள் எல்லோரும் சாமானை எடுத்துவிட வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. வயர்கள் போட்டு வைத்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். வேர்க்கொம்பு மணந்தது. தொண்டைக்கு என்று நீங்கள் கடித்துக் கடித்துத் துப்பிய அந்தக் காய்ந்த இஞ்சியில் ஒரு துண்டு, கடதாசியில் சுற்றியபடி அடியில் கிடந்தது. அதன் பக்கத்தில் உங்கள் குரலைப் பதிந்த மினிடிஸ்க். மேலே என்னுடைய கையெழுத்தில் ‘கழுவிய பாஸ்போட்’ என்று எழுதியிருக்கிறது.

இத்தனை வருடமும் அந்தத் தகரத்தை நான் தொடாமல் இருந்தது மறதியால் அல்ல, பயத்தால்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே உங்களை விமானம் ஏற்றிவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன். வாசிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுதத் துணிவு வந்ததோ என்னவோ.

முதன்முதல் உங்களைக் கண்டது ஊன்ட்றொப் அம்மன் கோயிலில், தேர்த் திருவிழா அன்று. இரண்டாயிரங்களின் தொடக்கம். ரொறொன்ரோவிலிருந்து முதல் தடவை ஜெர்மனிக்கு வந்திருந்தீர்கள். கால்வாய்க் கரையில் கச்சான் கடலைக் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றீர்கள். உங்கள் நகைச்சுவை வீடியோ கசெட்டுகளைப் பார்த்து வளர்ந்த சனம் முகத்தைக் கண்ட உடனேயே சிரிக்கத் தொடங்கியது. நீங்கள் என்னிடம் திரும்பி, “பாரும் பிள்ளை, நான் இன்னும் வாயே திறக்கேல்லை. ஓசிச் சிரிப்பு எனக்குச் செமிக்காது” என்றீர்கள். மறுநாள் டோர்ட்மண்டில் உங்கள் நிகழ்ச்சிக்கு ஒலி செய்யப் போகிறவள் நான்தான் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. மண்டபத்தில் என் கணவர் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்க, நான் ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒரு கணம் பார்த்தீர்கள். மற்றவர்களைப் போல ‘பொம்பிளைப் பிள்ளைக்கு இது ஏலுமோ’ என்று கேட்கவில்லை. “சத்தத்தைக் கூட்டத் தெரிஞ்சவை கனபேர். எனக்குக் குறைக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்” என்றீர்கள்.

பயணங்களில் உங்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். ரொறொன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவியது, யாரோ கழித்துவிட்ட ஓகன் கீபோட் ஒன்றை வாங்கிக் கலியாண வீடுகளில் வாசித்தது, பாடகர் வராத ஒரு நாளில் சனத்தைச் சமாளிக்க ஓகனை மனைவியாக்கி அதனோடு சண்டை பிடிப்பதுபோல் நடித்தது. அந்தச் சண்டைதான் உங்களைப் பெரிய ஆளாக்கியது. நீங்கள் வாயால் பேசுவீர்கள், மனைவியின் பதிலை வலது கை வாசிக்கும். சுருதியை வளைக்கும் சில்லை, ஓரத்துச் சின்னச் சக்கரத்தை, இழுத்து இழுத்து அந்தக் கருவியை முணுமுணுக்க வைப்பீர்கள், மூக்கால் அழ வைப்பீர்கள். சொல்லே இல்லாமல் அவள் என்ன திட்டுகிறாள் என்று மண்டபம் முழுவதற்கும் விளங்கும். வானொலி, கசெட், டிவிடி என்று பெயர் வளர்ந்த பிறகு கனடாத் தொலைக்காட்சியிலும் கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் டாக்சிச் சாரதி வேடம். “பதினாறு வருசத்திலை எனக்குக் கிடைச்ச இங்கிலீஸ் வசனம் மொத்தம் நாலு. அதிலை மூண்டு ‘எங்கை போகவேணும் சேர்’” என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை.

பிறகு ஒரு மாசி மாதம், எந்த நிகழ்ச்சியும் இல்லாத நேரத்தில், தொலைபேசி எடுத்தீர்கள். குரல் கரகரத்தது. தடிமன், சளி என்று நினைத்தேன். வந்து இறங்கித்தான் சொன்னீர்கள். தொண்டையில் புற்றுநோய். அடுத்த மாதம் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். “ரொறொன்ரோவிலை இருக்கிற எல்லா ஸ்ரூடியோக்காரரும் என்னைத் தெரிஞ்சவங்கள். பின்னேரத்துக்கிடையிலை ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோம். உம்மடை கெல்லர்தான் பிள்ளை எனக்குச் சரி” என்றீர்கள்.

வசனத்தை முன்கூட்டியே பதிந்து போட்டுவிட்டு மேடையில் வாயை மட்டும் அசைப்பது எங்கள் நாடகக்காரரிடம் புதிது அல்ல. நீங்கள்தான் அதைத் ‘தகர நாடகம்’ என்று நக்கலடிப்பீர்கள். இப்போது அதையே கேட்டு வந்திருந்தீர்கள். என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்து அறை, கட்டடத்துக்குப் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை. மேல்மாடிக் கிழவியின் இயந்திரம் சுழன்று முடியும்வரை காத்திருந்து, அடுத்த வீட்டுக்காரர் வருவதற்குள் குரலையும் ஓகனையும் சேர்த்துப் பதிந்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்களுக்குப் புது நாடகமும் வந்தது. மனைவி கணவனின் கால்சட்டையைத் தோய்க்கப் போடுகிறாள், பொக்கற்றுக்குள் பாஸ்போட். “இருவது வருசம் பூசாத கிறீம் இல்லை. இவள் ஒரு கழுவலிலை என்னை வெள்ளைக்காரனாக்கிப் போட்டாளே! படத்திலை இனி மூக்குமில்லை, முழியுமில்லை. எயார்போட்டிலை ஆரிட்டை நான் என்னைக் காட்டுறது?” அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினீர்கள், மூன்று தடவையும் திரும்பச் சொன்னீர்கள்.

வசனத்தைவிட இடைவெளிக்குத்தான் கூடப் பாடுபட்டீர்கள். ஒவ்வொரு பகிடிக்கும் பிறகு சனம் சிரிக்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விரலால் மேசையில் தட்டிக் கணக்கு எடுத்தீர்கள். “ரொறொன்ரோச் சனம் டக்கெண்டு சிரிச்சிட்டு டக்கெண்டு நிப்பாட்டும். டோர்ட்மண்ட் அப்பிடியில்லை. பக்கத்திலை இருக்கிறவர் சிரிக்கிறாரோ எண்டு பாத்திட்டுத்தான் சிரிக்கும். ரெண்டு செக்கன் கூட விடும்.” பாஸ்போட் பகிடிக்கு ஓகனில் மனைவி திட்டி முடித்த பிறகு பதினொரு செக்கன் விட்டீர்கள். அதிகம் என்றேன். “எனக்குத் தெரியும் பிள்ளை” என்றீர்கள். அதன் பிறகுதான் கணவனின் கடைசி வசனம்.

போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும். தெரிஞ்சால் சிரிக்க மாட்டாங்கள். எனக்கு இன்னும் ஒருக்கால் அந்தச் சிரிப்பைக் கேக்கவேணும்.” நான் ஓம் என்றேன்.

அண்ணை, நான் சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் டோர்ட்மண்டில் நிகழ்ச்சி. மண்டபம் எடுத்து, நோட்டீஸ் அடித்து எல்லாம் முடிந்த பிறகு, அதை ஒழுங்குசெய்த தமிழ்ச் சங்கத் தலைவர் என்னோடு கத்தினார். “அந்தாள் போனை எடுக்கிறேல்லை. றேடியோவுக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டால் மெயிலிலை பதில் போடுறார். கனடாத் திமிர். நான் வேறை ஆளைப் பிடிக்கிறன்.” நாள் நெருங்கி விட்டது. நிகழ்ச்சி நின்றுபோனால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று பட்டது. திமிர் என்ற சொல்லும் என்னைச் சுட்டது. “அவருக்குக் குரல் இல்லை அண்ணை. எடுத்துப் போட்டினம்” என்று சொல்லிவிட்டேன். தலைவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அழுதார். பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினார். “என்ரை வாயாலை வராது தங்கச்சி” என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு ஒருவரில் அன்பு வந்தால் பொன்னாடையும் போர்த்தி, மைக்கையும் பிடித்துவிட வேண்டும்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் பின்சுவரோடு மேசையில் இருந்தேன். நீங்கள் வேசம் கட்டி, கழுத்தில் இருந்த துளையைச் சால்வையால் மறைத்து, திரைக்குப் பின்னால் நின்றீர்கள். தொடங்கும் முன்பு தலைவர் மேடையில் ஏறினார். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. உங்களைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார். பிறகு மைக்கை எடுத்தார். “இந்த மாபெரும் கலைஞன் குரலை இழந்து நிக்கிறார். இண்டைக்கு நீங்கள் கேக்கப்போறது அவர் கடைசியாப் பேசிய குரல். ஒலிப்பதிவு. நோயோடை, எங்களுக்காக வந்திருக்கிறார்…” சனம் விம்மியது. நீங்கள் மடித்துக் கட்டிய வேட்டியும் பெரிய கோட்டும் கோமாளித் தொப்பியுமாக நின்று, அத்தனை தலைகளுக்கும் மேலால் என்னைத்தான் பார்த்தீர்கள். நான் குனிந்து மேசையில் ஏதோ தேடினேன்.

திரை விலகியது. டிஸ்க்கைப் போட்டேன். முதல் பகிடி. உங்கள் வாய் ஒரு சொல்லும் தப்பவில்லை. பிறகு நீங்கள் விட்ட ஐந்து செக்கன். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் புருவத்தைத் தூக்கியபடி, கையை நீட்டியபடி, அந்த ஐந்து செக்கனும் நின்றீர்கள்.

இரண்டாவது பகிடிக்கு ஒருவர் சிரித்தார். முன்வரிசையில் ஒரு கிழவர். காது சரியாகக் கேளாதவர் போல, தலைவர் பேசியது அவருக்கு விழவில்லை. உங்கள் முகத்தையும் கோட்டையும் பார்த்து, கதிரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். உங்கள் உடம்பே மாறியது, அண்ணை. ஓகனை விட்டு எழும்பி அவருக்கு முன்னால் போய், அவருக்காகவே தடக்கி விழுந்து காட்டினீர்கள். அதற்குள் அவருடைய மகள் கையைப் பிடித்துக் காதுக்குள் சொல்லிவிட்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு வெறும் இடைவெளிதான். என் விரல் பொத்தானில் இருந்தது. இடைவெளிகளைத் தாண்டி ஓடவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் அந்த இடைவெளிகளையும் பாடமாக்கி வந்தவர். நான் ஒன்றைத் தாண்டினாலும் குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாகப் போயிருக்கும். அதனால் ஒன்றையும் தொடவில்லை. பதினொரு செக்கன் வந்தது. முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் சூடாக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். நீங்கள் அதற்காக வந்திருக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் சின்னக் கொப்பியை எடுத்து எழுதி நீட்டினீர்கள். ‘ஆர் சொன்னது?’

“தெரியாதண்ணை” என்றேன்.

என்னைப் பார்த்தீர்கள். பிறகு கொப்பியை வாங்கி வேறொன்று எழுதினீர்கள். ‘கிழவர் நல்லாச் சிரிச்சார்.’ அதன் கீழ் ஒரு கோடும் இழுத்தீர்கள்.

அடுத்த நாள் டுசில்டோர்ஃப் விமான நிலையத்தில் மினிடிஸ்க்கை நீட்டியபோது என் கையைத் தள்ளிவிட்டீர்கள். நானே வைத்திருக்கலாம் என்பதுபோல. அது மன்னிப்போ, வெறுப்போ, இனித் தேவையில்லை என்ற எண்ணமோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தை மாதம் உங்கள் மனைவி தொலைபேசி எடுத்தார். கடைசிக் கிழமைகளில் ஓகனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்களாம், திறக்கவேயில்லையாம்.

இங்கே உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். ஒலி நான்தான். தலைவர் மறுபடியும் அழுதார். கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அன்பால் செய்தார் என்றால் நானும் அன்பால்தான் செய்தேன். அவர் முந்நூறு பேருக்குச் சொன்னார், நான் ஒருவருக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் ஒலி செய்யும் மேடைகளில் ஒரு கலைஞரின் நோயைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் மைக்கைக் குறைத்துவிடுகிறேன். வயர் பழுது என்று சொல்கிறேன். குறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றீர்களே, அதைக் காலம் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

இன்று கெல்லரில் டிஸ்க்கைப் போட்டு, காதில் மாட்டிக் கேட்டேன். மண்டபத்தில் கேளாத ஒன்று கேட்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் உங்கள் விரல் மேசையில் தட்டுகிறது. மெல்லிய சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. சிரிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பாஸ்போட் கழுவப்பட்டது. ஓகன் அழுது திட்டி ஓய்ந்தது. பதினொரு தட்டு தொடங்கியது. நான் வாய்விட்டுச் சொன்னேன்: “அண்ணை, நான்தான் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” சொல்லி முடித்த பிறகும் விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று.

பிறகு உங்கள் குரல் கேட்டது. “சரி, போகட்டும். சோறு ஆறுது. வாரும், சாப்பிடுவம்.”

அது பாஸ்போட்டைக் கழுவிய மனைவிக்குச் சொன்னது. எனக்குச் சொன்னது அல்ல. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான், அந்த வெறும் கெல்லரில் எழும்பி நின்று, “வாறன் அண்ணை” என்றேன்.