நித்தியகல்யாணிக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள அத்தானுக்கு,

பத்து நாள் தள்ளிப்போட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் பண்டாரவளையில் வாங்கித் தந்த நித்தியகல்யாணிச் செடிகள் செத்துவிட்டன. பெரியாயிதான், பகலில் நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அதே பெரியாயிதான், பொறாமையில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் முன்னால் கத்தினேன்.

அவள் வந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். “அழுகிப்போச்சு பாருங்க டீச்சரம்மா. சரளை மண்ணுல காய்ஞ்சு கெடந்தாத்தான் இது பூக்கும். சாணியும் தண்ணியுமா ஊத்தியே கொன்னுட்டீங்க. புள்ளைக்கும் இப்படித்தான் ஊட்டுறீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து லீவு போட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

நேற்று அவளே வாசலுக்கு வந்து, “கோவம் எம்மேலதானே, புள்ள என்ன செஞ்சுச்சு?” என்று கையை நீட்டினாள். பிள்ளை தாவிப் போனான். படித்த வாய்க்கு மன்னிப்பு என்ற ஒரு சொல் வரவில்லை, அத்தான்.

தலைகுனிந்து,
உங்கள் மனைவி