வள்ளியின் சடை

ஆடி 9, வெள்ளி. இரவு.

தங்கச்சி வள்ளிக்கு வலிப்பு நின்றால் அவளுக்கு மொட்டை போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். ஒரு வருசமாக வலிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்ல, வளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்களோடு அவள் தங்கியிருக்கும் இல்லத்துக்கு இன்று போனேன்.

"மொட்டை வேணாம்க்கா" என்று சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயசு அவளுக்கு.

"சாமிக்குச் சொல்லியாச்சுடி."

வார்டன் குறுக்கே வந்தார். "வேணாங்கிறாங்களேம்மா. அவங்க சம்மதம் இல்லாம நானோ நீங்களோ முடியில கை வைக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான்."

"நான் கூடப்பொறந்தவ."

"பெத்தவங்க வந்தாலும் இதேதான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வள்ளிதான் கேட்டாள், "நேந்தது நீதானக்கா? நீ போட்டுக்க." வார்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும்.

ஏலக்காய்த் தோட்டத்து வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போட்டுக்க. தோட்டத்துக்கு ஜீப்புல மலை மெட்டு ஏறுறப்ப தலைக்குச் சிலுசிலுன்னு இருக்கும்" என்கிறார்.

விளக்கு வைக்கும்போது அம்மனிடம் சொல்லிவிட்டேன், முடி என்னோடதுதான் என்று. அவள் கோபிக்கிற மாதிரி தெரியவில்லை. வள்ளியும் வர்றாளாம். சடை நிறையப் பூ வைத்துக்கொண்டு, என் தலைக்குச் சந்தனம் தடவ.