நாத்தனார் எழுதி முடிக்கிற வரைக்கும்

அண்ணி,

இன்று காலை பெங்களூர் ரயிலில், மாலூர் தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தேன். புதிதாக ஒரு வலைத்தளத்தின் வடிவமைப்பு வந்திருந்தது. பெட்டி பெட்டியாக அழகாக வரைந்து, எழுத்து வரவேண்டிய இடங்களில் எல்லாம் அந்த லத்தீன் வரிகளை நிரப்பி அனுப்பியிருந்தார்கள். அர்த்தம் எதுவும் வேண்டாம், இடம் அடைத்தால் போதும் என்று வைக்கிற வரிகள். அவற்றை எடுத்துவிட்டு உண்மையான வரிகளை எழுதுவதுதான் இப்போது என் பிழைப்பு. பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வந்த அம்மாள், "இன்னாம்மா, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார். "எங்க அண்ணி ஞாபகம் வந்துச்சி" என்றேன். அவரும் காரணம் தெரியாமலேயே கொஞ்சம் சிரித்தார்.

கல்லூரி லேபில் முதன்முதலாக அந்த வரிகளைப் பார்த்தபோது நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இன்னா பாப்பா இது, யாரோ நமக்குச் சாபம் வுட்ட மாதிரி இருக்குது. எடு அத்த."

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்த கதையை ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நந்திதுர்கிலிருந்து எங்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது பி.யூ.சி. முடித்திருந்தீர்கள். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். நான் பி.சி.ஏ. சேர விண்ணப்பம் வாங்கி வந்த அன்று, நீங்கள் அதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் மெதுவாக, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அம்மா அடுப்படியிலிருந்தே, "ரெண்டு பேரும் போயிட்டா இங்க எந்த ஷிப்ட்டுக்கு யாரு?" என்றாள். நான்கு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "மூணு வருஷம். ஒரு பேப்பர் போச்சி, ஒரு வருஷம் கூட ஆச்சின்னா அதோட நிறுத்திக்கணும்."

எனக்கு அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. மகள் தோற்கலாம், மருமகள் தோற்கக் கூடாது. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை அண்ணி. இப்போது உறைக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று கெஞ்சினீர்கள். எனக்கு வாய் வரவில்லை. "அண்ணி, பேனா குடுங்க" என்று நான் கேட்கக் கேட்க, ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதற்கும் நீங்கள் அண்ணி ஆகிவிட்டீர்கள். நமக்குப் பாடம் எடுத்த மேடமே ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி, "அண்ணி எங்க, லேட்டா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆறாவது செமஸ்டரில் வலைத்தளம் செய்யும் ப்ராஜெக்ட் வந்தது. ஒவ்வொரு குழுவும் தங்கச் சுரங்க வரலாற்றை எடுத்துக்கொண்டது. மூன்று குழுக்களின் முகப்பில் ஒரே சுரங்க ஷாப்ட் போட்டோ. நீங்கள் மட்டும் முகத்தைச் சுளித்தீர்கள். "மைன்ஸ் மூடின கத நம்ம ஊருல தெரியாதவங்க யாரு? தெரியாதத சொல்லுவோம்." அதற்கு முந்தைய மாதம்தான் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்காகக் கோலார் அழைத்துப் போயிருந்தீர்கள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துப் போகாமல் ஒரு தடவை திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போனீர்கள். அதிலிருந்து பிறந்தது நம் தளம். நம் ஊரிலிருந்து கோலாருக்கு ஒரு வேலையாகப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியோ கலெக்டர் ஆபீஸோ கோர்ட்டோ, என்ன எடுத்துப் போக வேண்டும், எங்கே முதலில் நிற்க வேண்டும் என்று தமிழில் சொல்லும் தளம்.

வடிவமைப்பு உங்களுக்கு, எழுத்து எனக்கு. நான் பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா! எழுத்து என் இலாகா, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எழுதினேன். நீங்கள் அதற்குள் பெட்டிகளை எல்லாம் வரைந்து முடித்துவிட்டீர்கள். காலியாக இருந்தால் அழகு தெரியவில்லை, லத்தீன் வரிகள் சாபம் மாதிரி இருக்கின்றன. அதனால் நீங்களே எதையோ தட்டி நிரப்பினீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"என் நாத்தனார் எழுதினு இருக்கா. அவ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் சொல்றன், கேட்டுக்கோ. காலையில முதல் பஸ்ஸப் புடி. ஆதார், ரேஷன் கார்டு ரெண்டுத்துக்கும் ஜெராக்ஸ் இங்கியே எடுத்துக்கோ. ஒண்ணு கேட்டா கையில ரெண்டு இருக்கணும். போன உடனே ஓ.பி. சீட்டு வாங்கு. சின்ன வரிசையா பாத்து நிக்காத, இது எதுக்கு வரிசைன்னு கேட்டுட்டு நில்லு."

நான் படித்துவிட்டு, "இதெல்லாம் யாராவது பார்த்தா மானம் போகும் அண்ணி" என்றேன். "யாரு பாக்கப் போறாங்க? நீ எழுதினா இது போயிடும்" என்றீர்கள்.

மேடம் ஒரு விதி போட்டிருந்தார். படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை ஒவ்வொரு குழுவும் அழைத்து வர வேண்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் சார் முன்னால் அவர் தளத்தைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். நான் பக்கத்து வீட்டு அக்காவைச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "கண்ணு ஆபரேஷன் பண்ணிகினவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க, இன்னாத்துக்கு வேற ஆளு?" அம்மா கடுகு நிறப் பட்டுப் புடவை கட்டி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மிடுக்கில் கல்லூரிக்கு வந்தாள்.

பென் டிரைவில் கோப்புகளைக் காப்பி செய்தது நான். ஒன்றுபோல் பெயர் வைத்த இரண்டு போல்டர்கள் இருந்தன. எக்ஸ்டர்னல் சார் எதிரே பக்கம் திறந்தது. "என் நாத்தனார் எழுதினு இருக்கா" என்று முதல் வரி. நான் கொண்டு வந்தது பழைய போல்டர். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் அம்மா, ஆறாம் வகுப்பு வரை படித்த தன் தமிழில், விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சார் கோலார்க்காரர், தமிழ் புரியும். "ஓதி அம்மா, ஓதி" என்று கன்னடத்தில் படிக்கச் சொல்லி உற்சாகப்படுத்தினார்.

முதல் பஸ், ஜெராக்ஸ், ஓ.பி. சீட்டு எல்லாம் ஆயிற்று. பக்கத்தின் கீழே நீங்கள் இன்னொரு பெட்டி நிரப்பியிருந்தீர்கள். எனக்கு அது நினைவில்லை. உங்களுக்கு இருந்தது. உங்கள் கை என் கையைப் பிடித்தது. அம்மா படித்தாள்:

"மாமியாரக் கூட்டிகினு போறவங்களுக்கு. டிபன் கட்டிகினு போங்க. ஓட்டலுக்குப் போனா அவங்களும் சாப்பிட மாட்டாங்க, நம்மளையும் சாப்பிட வுட மாட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் ஓட்டலப் பத்தியே பேசுவாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "இது யாரு எழுதினது?"

"நான்தான் அத்தே."

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துபோயிற்று. மார்க் போனாலும் உங்கள் படிப்பு போச்சு, அம்மாவுக்குக் கோபம் வந்தாலும் உங்கள் படிப்பு போச்சு. தப்பான போல்டரைக் கொண்டு வந்தவள் நான், அடுத்த வருடம் சாவகாசமாக எழுதிப் பட்டம் வாங்கிக்கொள்வேன். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை.

அம்மா சாரின் பக்கம் திரும்பினாள். "சார், இதுல ஒண்ணு பொய்யி. நான் சாப்பிட மாட்டன்னு சொல்லவே இல்ல. ரெண்டு இட்லி சாப்பிட்டன். நல்லா இல்லன்னுதான் சொன்னன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மத்ததெல்லாம் கரெக்டு. அன்னிக்கி எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தா ஒரு ஜெராக்ஸுக்காகத் திரும்பி வந்திருக்க மாட்டன்."

சார் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. சிரித்து முடித்து, மறுபடி மேலே எப்படிப் போவது என்று அம்மாவைக் கேட்டார். பக்கத்தின் அடியில் நீங்கள் வைத்திருந்த பொத்தானில் "கேஜ்" என்று எழுதியிருந்தது. சாருக்கு அது புரியவில்லை. அப்பா இருபத்தைந்து வருடம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்த வீடு எங்களுடையது. ஷிப்ட் முடிந்து ஆட்களை மேலே ஏற்றி வருவது கேஜ்தான் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தட்டு, உச்சிக்குப் போய் நின்றாள். "வந்துட்டன் சார்" என்றாள் பெருமையாக.

பிறகு என் எழுத்துக்கு நேரம் வந்தது. மேடம் ரெக்கார்டு நோட்டில் அச்சடித்து ஒட்டியிருந்த என் பக்கத்தைத் திறந்து, "இதுதான் சார் ஒரிஜினல்" என்றார். சார் அதையும் அம்மாவிடமே நீட்டினார். அம்மா இரண்டு வரி படித்துவிட்டு நின்றாள். "உறைவிடச் சான்றுன்னா இன்னா பாப்பா, ஆஸ்டல்லயா குடுப்பாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டாள். "புறநோயாளின்னு போட்டுகீது. வெளியவே நிக்க வெச்சிடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை அண்ணி. "சார், அது ரெண்டும் சேந்ததுதான் ப்ராஜெக்ட்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் நடுங்கியது. எனக்காக நடுங்கியது. நாம் பாஸ் ஆனோம். மூன்று வருடம் மூன்றே வருடத்தில் முடிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னாள்: "அந்த ஓட்டல் விஷயத்த மட்டும் எடுத்துடு." நீங்கள் எடுத்தீர்கள். எடுத்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல இட்லி சாப்பிடாதீங்க, எங்க அத்த சொன்னாங்க" என்று போட்டீர்கள். அதை அம்மா லைன் முழுவதும் போனில் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. ஒரு மாத உழைப்பை ஆஸ்டல் என்று சிரித்தார்களே என்ற ஆத்திரம். மூன்றாம் நாள் நான் துணி காயப்போடும் இடத்துக்கே வந்து, வாளியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "உன் தமிழு நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா நின்னுகினே பேசுது. கொஞ்சம் உக்காந்து பேசச் சொல்லு." எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானமே தளத்தை மறுபடி எழுத உட்கார்ந்தோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உங்கள் பேச்சில் நான் வாக்கியத்தைச் சரிசெய்தேன், என் வாக்கியத்தில் நீங்கள் விறைப்பைத் தளர்த்தினீர்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தை எழுதிய மத்தியானம்போல நான் எந்த வேலையிலும் அவ்வளவு சிரித்ததில்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் எனக்கு முதல் வேலையும் கிடைத்தது.

உங்கள் நோயைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அன்று அண்ணன் பேசும் நிலையில் இல்லை. மாமாதான் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எழுதிக் கொடுத்தார். பிரஸ்காரர் அச்சடித்த மாதிரித் தாளை எடுத்து வந்தார். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரோரம் கிடந்த அம்மா எழுந்து வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் படித்தாள். "பேருக்குப் பக்கத்துல பி.சி.ஏ. போடு" என்றாள்.

"சாவு போஸ்டர்ல அதெல்லாம் போட மாட்டாங்கம்மா" என்றார் பிரஸ்காரர்.

"யாரும் போடலன்னா நீ போடு. சொன்ன மாதிரி மூணு வருஷத்துல முடிச்சவ அவ."

போட்டார்கள் அண்ணி. ஸ்டேஷன் சுவரில் மழையில் கிழியும்வரை அது இருந்தது.

நான் இப்போதும் எதை எழுதினாலும் அனுப்பும் முன் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறேன். எங்கே தடுக்கி நிற்கிறாளோ அங்கே திருத்துகிறேன். எங்கேயும் நிற்காமல் ஓடிவிட்டால், தலையைத் தூக்கி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். "இது நீ எழுதினதா, அவ எழுதினதா?"

நான்தான் என்று சொல்கிறேன். பாதிப் பொய்.