அம்மாவின் குழியில் நீ வைத்தது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் ஆகாதா என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும் வழக்கம்போல் மழுப்பிவிடுவேன். காகிதத்தில் அப்படி முடியாது, அடித்தால் அடித்தது தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைப் புதைத்த இடுகாட்டின் கிழக்கு ஓரமாக மழைநீர்க் கால்வாய் வெட்டப் போகிறார்கள். சுவரை ஒட்டிய கடைசி வரிசையைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி, காலை எட்டு மணிக்கு. யாருடையது என்று தெரிந்தால் தனி இடம். தெரியாதவர்களை எல்லாம் ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்களாம். அந்த வரிசையில் அடையாளம் இல்லாத குழிகள் நான்கு. அதில் ஒன்று அம்மா. எது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நட்ட மரப்பலகை எந்த வெள்ளத்திலோ போய்விட்டது. கல் வைக்கிறேன் என்று உன் சித்தியிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது.

அங்கே இரண்டு தடவை போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளே போய் அந்த வரிசைக்கு முன்னால் நின்றேன். "என்ன சார், ஊருல உள்ள பழைய குழியெல்லாம் தோண்டிப் பாத்த ஆளு நீங்க, நாலு மேட்டப் பாத்து இப்பிடி வேர்த்துக் கொட்டுது" என்று காவல்காரர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அவர் சொன்னது சரிதான். என் தொல்லியல் உத்தியோகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை மண்ணிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒருவரைப் பார்த்தும் பயந்ததில்லை. குழிக்குள் மண்டியிட்டு, தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே டீ குடித்தவன் நான். இப்போது கண்ணை மூடவே பயமாக இருக்கிறது. அந்தக் களிமண் இருபத்தெட்டு வருஷத்தில் என்ன செய்திருக்கும் என்று எனக்கு அணு அணுவாகத் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நான்கையும் திறந்து என் முன்னால் வைத்தாலும் எனக்கு அம்மாவை அடையாளம் தெரியாது. பெண், இத்தனை வயது என்று சொல்லிவிடுவேன். அந்த வயதில் இரண்டு பெண்கள் இருந்துவிட்டால்? அம்மாவுக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். இடமா, வலமா? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். அம்மா இறந்த அந்த வருஷம் நான் தோண்டிய மேட்டில் ஒரு பெண் கிடைத்தாள். அவளுக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப்பல் இல்லை, விலா எலும்பு ஒன்று உடைந்து கூடியிருந்தது, தலை வடக்கே, முகம் மேற்கே. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளைப் பற்றி ஒப்பிப்பேன். உன் அம்மாவின் தலை எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. புதைத்த அன்று நான் அங்கே இல்லை.

நீ இருந்தாய், ஒன்பது வயதுக் குழந்தையாக. பக்கத்தில் இருந்த சித்தியும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "மூடுறதுக்கு முன்னாடி பாப்பா தன் கையில இருந்த எதையோ உள்ள வெச்சுட்டா அத்தான், என்னன்னு நான் கேக்கல" என்றாள். யார் யார் குழியிலோ கிடைத்த மணிகளைப் பற்றியும் வளையல்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவன், அதன் பிறகும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

இப்போது கேட்கிறேன். என்னம்மா வைத்தாய்? கண்ணாடி, உலோகம், கல் என்றால் அப்படியே இருக்கும். எந்தக் கைப்பக்கம் வைத்தாய் என்று நினைவிருந்தால் அதையும் எழுது. துணியோ காகிதமோ என்றால் மக்கிப் போயிருக்கும். ஆனாலும் எழுது.

அம்மா போன தந்தி வியாழக்கிழமைதான் கிடைத்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். செவ்வாய்க்கிழமை மதியமே கிடைத்துவிட்டது. மேட்டில் அந்தப் பெண் பாதி வெளியே இருந்தாள். வானம் கறுத்திருந்தது. விட்டுவிட்டு வந்தால் மழை கொண்டுபோய்விடும், முழுவதும் எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் தேதி போட்டு வரைந்த படங்கள் அந்த வருஷத்து நோட்டில் இருக்கின்றன. அலுவலகத்தில் பழைய நோட்டுகளை அச்சில் கொண்டுவரப் போகிறார்களாம். அதில் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

இதைப் படித்த பிறகு எனக்குப் பதில் எழுத உனக்கு மனசு வராமல் போகலாம். அந்தப் பயத்தில், இவ்வளவும் எழுதி இரண்டு நாள் அப்படியே மடித்து வைத்திருந்தேன். எனக்கு எழுத வேண்டாம் என்றால் காவல்காரருக்கு எழுது, விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நல்ல மனுஷர், பார்த்துக்கொள்வார். இல்லை என்றால் நீயே வந்து நில். நான் வாசலுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். எட்டு மணி என்றாலும் விடியும்போதே அங்கே வந்துவிடுவேன். என் மேல் உள்ள கோபத்தில் அம்மாவை அந்தப் பொதுக்குழிக்கு விட்டுவிடாதே, கண்ணு.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பேத்திக்கு முதல் பல் விழுந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். மேலா கீழா, எந்தப் பக்கம் என்று பார்த்து எழுது. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா