ஓரத்தில் தெரிந்த வெள்ளை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் தம்பி காதில் விழும், வீட்டுக்கும் அவன் ஷெட்டுக்கும் நடுவே வெறும் தகரம்தான். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறான்.

அவனுடைய கார் பாலிஷ் வேலை நன்றாகவே நடக்கிறது. வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரியும் வட்டக் கீறல்களை ரோட்டரி பாலிஷரால் தேய்த்து எடுக்கிறான். ஓரங்களில் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே மெஷின் சற்று நின்றாலும் சூடேறித் தின்றுவிடும் என்பதால் முதலில் டேப் ஒட்ட வேண்டும். அது என் வேலை. டேப் ஒட்டச் சொன்னா பரீட்சை எழுதுறாருப்பா என்று கேலி செய்வான். அப்படி ஒட்டியும், காண்ட்ராக்டரின் கறுப்புக் காரில் ஹெட்லைட்டுக்கு மேலே ஓர் ஓரத்தை விட்டுவிட்டேன். மெஷின் பட்ட இடத்தில் கறுப்பு போய், அடியில் நகக்கண் அளவு வெள்ளை தெரிந்தது. அந்தக் காரின் கறுப்பு முழுவதும் புதிதாக அடித்தது.

உன் கடிதம் வந்தால் தெருமுனையிலிருந்தே, பொண்ணு எழுதியிருக்கு சார் என்று கூவிக்கொண்டு வருவாரே, அந்தத் தபால்காரரைப் போன மாதம் பாலத்தருகே ஒரு வெள்ளைக் கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. போலீஸ்காரர்கள் ஒவ்வொரு ஷெட்டாக விசாரித்தார்கள். வெள்ளைக் கார் எதுவும் வரவில்லை என்றோம். அன்றைக்கு அது உண்மைதான்.

வெள்ளை தெரிந்த அன்றைக்குச் சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பெரியவரே, உங்களுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியாது, இல்ல? என்று சிரித்தார். ஆமாங்க, தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாக்கு அப்படித்தான் புரண்டது. போகும்போது, பொண்ணு எந்த ஊர்ல இருக்குன்னு தம்பி சொன்னாரு, பத்திரமா இருக்கச் சொல்லுங்க என்றார். 

நமக்கெதுக்குப்பா வம்பு, மேல கறுப்பைத் தடவிக் கொடுத்துடலாம் என்கிறான் தம்பி. நாளைக் காலை பெயிண்ட் வாங்கப் போகிறான், மாலையில் கார் போய்விடும். வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான், உனக்குத் தெரியும். இதிலும் நான் தப்பாக நினைத்திருக்கலாம், வேறு எத்தனையோ வெள்ளைக் கார் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். தம்பி கடைக்குப் போனதும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கார் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

தம்பியைக் கோபிக்காதே, அவனுக்கும் பயம்தான். அப்பா அனுப்பினார் என்று யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. குழந்தையைத் தனியாக வெளியே விடாதே. எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவுக்குக் கண் தெரியாது, வழி தவறி எங்கோ போய்விட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

உன் அன்பு அப்பா