உன் அப்பாவுக்கு ஒரு கல்

அன்பு மகன் நெர்மினுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நீயும் அஸ்ராவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை, பிளம் மரம் பூத்துக் குலுங்குகிறது, காய்த்தால் பறிக்கத்தான் ஆள் இல்லை. கோதன்பர்கில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடுங்கள், அஸ்ராவுக்கு இதிலெல்லாம் கொஞ்சம் அலட்சியம். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வேலையிருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் போரில் கொல்லப்பட்ட நம் ஆண்களின் நினைவிடத்துக்கு பஸ் நிறைய வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது இப்போது பக்கத்து வீட்டு எடினாதான். "ஷெம்ஸா அத்த, நீங்க வந்து நாலு வார்த்த பேசுங்க, நான் சொன்னா பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள். சொன்னேன். ஆண்களைத் தனியாகப் பிரித்ததை, லாரியில் ஏறும் முன் உன் அப்பா கோட்டைக் கழற்றி உன்மேல் போட்டதை எல்லாம். முடிந்ததும் பூங்கொத்தோடு ஒரு பெண் வந்து, உங்கள் வீட்டுக்காரரின் கல்லறைக் கல் எது, அங்கே வைக்கிறேன் என்று எடினா மூலம் கேட்டாள். அத்தனை வெள்ளைக் கற்களுக்கு நடுவே அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏதோ ஒரு கல்லைக் கைகாட்டிவிட்டேன், அதிலிருந்த பெயரைக்கூடப் படிக்கவில்லை. அவள் மண்டியிட்டுப் பூவை வைத்து அழுதாள், எனக்கு அவமானத்தில் உடம்பே கூசிப்போயிற்று.

மறுநாள் போனால், மேல்தெரு ரஸியா அந்தப் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அவள் மகனுடைய கல். தன் பிள்ளையைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நடந்ததைச் சொன்னேன், காறித் துப்புவாள் என்றுதான் நினைத்தேன். "பூ வந்துச்சுல்ல, போதும்டி. நீ எதுக்கு அந்த மனுஷன இன்னும் வெளியிலயே போட்டு வச்சிருக்க? என் பிள்ள மட்டும் எனக்கு முழுசாவா கெடச்சான்?" என்று கேட்டாள்.

எலும்பைச் சோதித்து ஆளை அடையாளம் காணும் ஆய்வகத்து அலமாரியில் உன் அப்பாவுடையது என்று இருப்பது ஒரு தொடை எலும்பும் தாடையும்தான். கொன்றவர்களே தடயத்தை மறைக்கக் குழியைக் கிளறி வேறு வேறு இடத்தில் கொட்டியிருக்கிறார்கள், மீதி எங்கே என்று யாருக்குத் தெரியும். "முழுசா கெடைக்கட்டும்மா, அப்பாவ அரகொறையா பொதைக்க முடியாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், நானும் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். புதைத்துவிட்டால் தேடுவதை விட்டுவிடுவார்களோ என்று பயம். இனி என்னால் முடியாது நெர்மின். நானும் கண்ணை மூடிவிட்டால் அவருக்காகப் போய்க் கேட்க யார் இருக்கிறார்கள்? ஜூலையில் நடக்கும் பொது அடக்கத்தில் அவரையும் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என்மேல் கோபப்படு, ஆனால் வந்துவிடு. அடக்கத்தின்போது பெண்கள் நாங்கள் குழிக்கரைக்குப் போவதில்லை, இறக்கி வைக்க நம் வீட்டில் ஆண் என்று இருப்பது நீ ஒருவன்தான். உங்கள் மூவருக்காகவும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன், அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தூக்கும்போது பெட்டி ரொம்ப லேசாக இருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளாதே, அந்தப் பக்கம் நின்று நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா,
ஷெம்ஸா